டிக்கெட்டின் தேதி முடிந்தால் கட்டிய பணமும் முடிய வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினால் தீம் பார்க் சலுகை விளம்பரங்கள் நாளிதழ்களில் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அந்த டிக்கெட் எந்த நாள்வரை செல்லும், போக முடியாமல் போனால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பது விதிமுறைப் பக்கத்தின் அடியில் எங்கோ இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிடக் கெடு தெரியாமல் விட்டது அதிகமாகிவிடுகிறது. டிக்கெட்டின் தேதிக்குக் கெடு வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத டிக்கெட்டுக்காகக் கட்டிய பணத்துக்கும் அதே கெடுவை வைப்பதில் நியாயம் இல்லை. இதைத் தீம் பார்க் நிறுவனங்களுக்கும் வாசகர்களுக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

டிக்கெட்டில் மூன்று விதமான கெடு இருக்க முடியும். அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம். ஒன்று, குறிப்பிட்ட ஒரே தேதிக்கான டிக்கெட். அந்த நாள் தாண்டினால் கேட் திறக்காது. இரண்டாவது, தேதி குறிக்காத டிக்கெட். இன்ன நாளுக்குள் முதல்முறை உள்ளே போயிருக்க வேண்டும் என்பதே இதன் கெடு. மூன்றாவது, பலநாள் டிக்கெட். தொடங்கிய பிறகு இத்தனை நாளுக்குள் எல்லா நாட்களையும் முடித்தாக வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்தும் வரும். மின்னஞ்சலில் 'டிசம்பர் 31 வரை செல்லும்' என்று பார்த்துவிட்டு, நான்கு நாள் டிக்கெட்டில் இரண்டு நாளைக் கோடையிலும் மீதியை ஆண்டுக் கடைசியிலும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த டிசம்பர் 31 என்பது முதல் நுழைவுக்கான கடைசி நாள் மட்டுமே. முதல் ஸ்கேன் விழுந்ததும் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

உலகில் பலரும் திட்டமிட்டுப் போகும் இடம் என்பதால் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2018 அக்டோபரிலிருந்து, தேதி அடிப்படையிலான டிக்கெட் முறை நடக்கிறது. வாங்கும்போதே தொடக்கத் தேதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையும் அந்தத் தேதியைப் பொறுத்து மாறும். ஒரு நாள் டிக்கெட் அந்த ஒரு நாளுக்கு மட்டும். 2 நாள் டிக்கெட்டை 4 நாளுக்குள் முடிக்க வேண்டும். 3 நாளுக்கு 5, 4 நாளுக்கு 7, 5 நாளுக்கு 8, 10 நாள் டிக்கெட்டுக்கு 14 நாள் என்று கால அளவு போகிறது. கூடுதல் பணம் கட்டினால் தேதி நெகிழ்வு கொண்ட டிக்கெட் கிடைக்கும். அதில் தொடக்கத் தேதி குறிக்க வேண்டியதில்லை. முதல்முறை நுழைந்ததிலிருந்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும், அதற்கும் மேலாக ஒரு கடைசித் தேதி உண்டு.

இந்தக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தேதி அடிப்படை டிக்கெட்டில் நாள் எண்ணிக்கை நீங்கள் நுழையும் நாளில் தொடங்குவதில்லை, குறித்த தேதியில் தொடங்குகிறது. 5 நாள் டிக்கெட்டுக்கு 10-ஆம் தேதியைத் தொடக்கமாகக் குறித்தால் அது 17-ஆம் தேதியோடு முடியும். விமானம் தாமதமாகி 12-ஆம் தேதி போய்ச் சேர்ந்தாலும் கெடு 17தான். அப்போதும் ஆறு நாள் கையில் இருப்பதால் சமாளிக்கலாம். 14-ஆம் தேதி போனால் 14, 15, 16, 17 என நான்கு நாள்தான் மிச்சம்; ஐந்தாவது நாளுக்குக் கட்டிய பணம் போய்விடும். மாறாக, கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் பலநாள் டிக்கெட்டுக்குக் கணக்கு முதல் நுழைவிலிருந்து தொடங்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு பூங்காக்களிலேயே முறை வேறு. ஆகவே, 'போன முறை இப்படித்தான் இருந்தது' என்ற நினைப்பில் யாரும் டிக்கெட் வாங்கக் கூடாது.

கெடு என்பது ஆதியிலிருந்தே இருந்த ஏற்பாடும் அல்ல. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2004 இறுதிவரை விற்ற பலநாள் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீதமுள்ள நாட்கள் காலாவதியாகாமல் இருந்தன. 2005 ஜனவரியில் முறை தலைகீழாயிற்று: முதல் நுழைவிலிருந்து 14 நாள் கெடு பொது விதியானது, காலாவதி ஆகாமல் இருப்பது கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வசதியானது. 2015-இல் அந்த வசதியும் நிறுத்தப்பட்டது. பதினோரு ஆண்டுக்குள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த உரிமை விலைக்கு வாங்கும் வசதியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிருக்கிறது.

பூங்கா நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை ரைடுகளை ஓட்டுவது, எத்தனை பேரைப் பணிக்கு அழைப்பது, எவ்வளவு சமைப்பது என்று முடிவெடுக்க முடியும். கெடுவே இல்லாத டிக்கெட்டுகள் லட்சக்கணக்கில் வெளியே கிடந்தால், கூட்டம் எப்போது வந்து மோதும் என்று தெரியாது. விலை ஏறுமுன் மொத்தமாக வாங்கி வைத்துப் பிறகு விற்கும் இடைத்தரகர்களும் முளைப்பார்கள். இவை எல்லாம் தேதிக்குக் கெடு வைப்பதற்கான காரணங்கள். பணத்தை வைத்துக்கொள்வதற்கான காரணங்கள் அல்ல. தேதி முடிந்த டிக்கெட்டைக் கேட்டில் ஏற்க வேண்டாம். அதற்குக் கட்டிய தொகையைப் புதிய டிக்கெட்டின் அன்றைய விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றால் கூட்டக் கணக்கு எதுவும் குலையாது. விலையேற்றத்தால் நிறுவனத்துக்கு நஷ்டமும் இல்லை.

இப்படி வராமல் விட்டவர்களின் பணத்துக்குக் கணக்குப் பதிவில் ஒரு பெயரே இருக்கிறது: பிரேக்கேஜ். முன்கூட்டி வாங்கிய டிக்கெட் பணம், வாடிக்கையாளர் வந்து போகும்வரை நிறுவனத்தின் ஏட்டில் கடன் பக்கத்தில் நிற்கும். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரத்தின்படி, எவ்வளவு பேர் வராமல் விடுவார்கள் என்று நம்பகமாகக் கணிக்க முடிந்த நிறுவனம், மற்றவர்கள் வந்து போகும் விகிதத்துக்கு ஏற்ப அந்தப் பங்கையும் வருமானமாக எழுதிக்கொள்ளலாம். இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் வராதவர்களின் பணம் எதிர்பாராமல் விழும் காசு அல்ல, முன்கூட்டியே கணித்து எழுதப்படும் வருமானம் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கெடுவைத் தளர்த்தச் சொன்னால் எதிர்ப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டமும் இந்த விஷயத்தில் டிக்கெட்டைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி பரிசு அட்டையில் ஏற்றிய பணத்துக்குக் குறைந்தது 5 ஆண்டு ஆயுள் உண்டு. அயர்லாந்தில் 2019-இல் வந்த சட்டமும் பரிசு வவுச்சருக்கு 5 ஆண்டு தருகிறது. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் 3 ஆண்டு. ஆனால் ஓர் இடத்துக்குள் நுழைவதற்கு மட்டுமே பயன்படும் சீட்டுக்கு அமெரிக்க விதி விலக்கு அளித்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை உண்டு. குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது கிடையாது. அதாவது அங்கே டிக்கெட்டில் தேதி போட்ட மாத்திரத்தில் வாங்கியவரின் ரத்து உரிமை போய்விடுகிறது. இதை அறிந்தவர்கள் பரிசாகக் கொடுப்பதற்குத் தேதியிட்ட டிக்கெட்டை வாங்காமல் பூங்காவின் பரிசு அட்டையை வாங்குகிறார்கள். கிட்டத்தட்ட அதே பணம்தான். ஆயுள் மட்டும் பல மடங்கு.

இனி வாசகர்களுக்கு. வாங்குமுன் ஆறு விஷயங்களை விதிமுறைப் பக்கத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்: முதல் நுழைவுக்குக் கடைசி நாள் எது, அதன்பின் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், அந்த எண்ணிக்கை முதல் நுழைவிலிருந்தா குறித்த தேதியிலிருந்தா, தேதியை எந்த நேரம்வரை மாற்ற முடியும், பணம் திரும்பக் கிடைக்குமா, பயன்படுத்தாமல் காலாவதியானால் கட்டிய தொகைக்கு மதிப்பு உண்டா. ஆறில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது கவுண்டரில் செல்லாது.

தேதி மாற்றத்தில் நேரக் கணக்கு முக்கியம். 'முந்தைய நாள் நள்ளிரவுக்குள் மாற்றலாம்' என்றால் அது பூங்கா இருக்கும் ஊரின் நள்ளிரவு, நாம் இருக்கும் ஊரின் நள்ளிரவு அல்ல. புதிய தேதியின் விலை அதிகமானால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். குறைவானால் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். சலுகைக் கூப்பனில் வாங்கியதை மாற்றும்போது கூப்பனும் போய்விடும். பட்டியல் விலை 100, கூப்பனில் 80 கட்டினீர்கள் என்றால் உங்கள் கணக்கில் இருப்பது 80தான்; புதிய தேதியின் விலை 110 என்றால் மேலும் 30 கட்ட வேண்டும். ஆன்லைன் வசதிக் கட்டணம் அந்த 80-இல் சேராது. இவற்றைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: டிக்கெட்டின் தேதியை மாற்றியவர்கள் அதோடு வாங்கிய வரிசை தவிர்க்கும் பாஸ், வாகன நிறுத்தம், உணவுக் கூப்பன் ஆகியவற்றை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கணினியில் அவை தனித்தனிப் பொருட்கள். டிக்கெட் நகர்ந்தாலும் அவை பழைய தேதியிலேயே நின்று அந்த நாளோடு செத்துப்போகும். மாற்றம் முடிந்ததும் புதிய உறுதி மின்னஞ்சலைத் திறந்து ஒவ்வொரு வரியிலும் தேதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இடைநிலை இணையதளத்தில் வாங்கிய டிக்கெட் என்றால் பூங்காவின் கவுண்டரில் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். பணம் அவர்களிடம் நேரடியாக வராததால் விற்றவரிடம்தான் போக வேண்டும். விற்றவரின் விதி பூங்காவின் விதியைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். தள்ளுபடியின் அளவைவிட இந்த வித்தியாசம் பெரியதா என்று எடைபோட்டுத்தான் வாங்க வேண்டும். மீதி நாள் உள்ள டிக்கெட்டைத் தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம். பெரிய பூங்காக்களில் முதல் நுழைவின்போதே விரல் பதிவோ புகைப்படமோ டிக்கெட்டோடு இணைக்கப்படுகிறது. புளோரிடாவில், ஒருமுறை பயன்படுத்திய, பிறருக்கு மாற்றத்தகாத பலநாள் டிக்கெட்டை விற்பது சட்டப்படி குற்றம்.

கெடு முடியும் தறுவாயில் இருக்கும் பலநாள் டிக்கெட்டோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் காலாவதியான டிக்கெட்டுக்குக் கட்டிய தொகையைப் புதிய டிக்கெட்டில் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. சில சிறப்புச் சலுகை டிக்கெட்டுகளுக்கு விலக்கு இருக்கலாம். ஆனால் ஒரு நாள் பயன்படுத்திவிட்டால் மீதி நாட்களுக்கு மதிப்பு கிடையாது. இப்போது நான்கு நாள் டிக்கெட்டோடு கெடுவின் கடைசி நாளில் ஒருவர் கேட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்றைக்காவது போகலாம்' என்று ஸ்கேன் செய்தால் அந்த நொடியே மூன்று நாளின் பணம் போய்விடும். ஸ்கேன் செய்யாமல், கேட்டுக்கு வெளியே உள்ள உதவி மையத்துக்குப் போய், இந்தத் தொகையை வைத்து ஒரு நாள் டிக்கெட்டோ வேறு தேதியோ தர முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். மற்ற பூங்காக்களிலும் இதே ஒழுங்குதான் பாதுகாப்பானது: சந்தேகம் இருந்தால் முதலில் கவுண்டர், பிறகு கேட். ஆர்டர் எண், டிக்கெட் பார்கோடின் கீழுள்ள எண், பணம் கட்டிய அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருந்தால் மின்னஞ்சல் தொலைந்தாலும் டிக்கெட்டைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

அரை மணி நேரம் உள்ளே இருந்தாலும் ஒரு நாள் கழிந்ததாகவே கணக்கு. மழை, இடிமின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்துவார்கள். அதற்காகப் பொதுவாகப் பணம் திரும்பாது. சில பூங்காக்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ரைடுகள் நின்றால் மறுநுழைவுச் சீட்டு தரும். அதை அன்றே, வெளியேறுமுன், கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்து மின்னஞ்சல் போட்டால் கிடைக்காது. அந்த மறுநுழைவுச் சீட்டுக்கும் தனிக் கெடு உண்டு.

தேதி நெகிழ்வுக்குக் கூடுதல் பணம் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று. சாதாரண டிக்கெட் 100, நெகிழ்வு டிக்கெட் 115 என்று வையுங்கள். சாதாரண டிக்கெட்டில் தேதி மாற்றமே கிடையாது என்றால், ஏறக்குறைய ஏழு பயணத்தில் ஒன்றுக்கு மேல் தள்ளிப்போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் 15 லாபம். சிறு குழந்தைகள், முதியவர்கள், விடுப்பு உறுதியாகாத வேலை என்று இருந்தால் அந்த வாய்ப்பு எளிதில் வந்துவிடும். சாதாரண டிக்கெட்டிலேயே விலை வித்தியாசம் மட்டும் கட்டி மாற்றலாம் என்றால் அந்த 15 பெரும்பாலும் வீண். வாங்கும் பக்கத்தில் இரண்டும் அருகருகே நின்றாலும், இந்த ஒப்பீட்டை எந்த நிறுவனமும் போட்டுக் காட்டுவதில்லை.

ஆண்டு பாஸில் பார்க்க வேண்டியது, ஓராண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. வாங்கிய நாளா, முதலில் நுழைந்த நாளா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். புதுப்பித்தால் பழைய பாஸ் முடியும் நாளிலிருந்தே புதியது தொடங்குவது வழக்கம் என்பதால், முன்கூட்டிப் புதுப்பித்தாலும் நாள் வீணாகாது. சீசன் பாஸ் வேறு: பருவத்தின் கடைசியில் வாங்கினாலும் பருவம் முடிந்தால் முடிந்தது. இரண்டிலும் அனுமதி இல்லாத நாட்களின் பட்டியல் இருக்கும். பள்ளி விடுமுறை நாட்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் குடும்பத்துக்குப் பாஸ் வாங்குவதில் அர்த்தமில்லை.

நிறுவனங்களிடம் கேட்பது இவைதான். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, டிக்கெட்டின் முதல் நாள், கடைசி நாள், அதன்பின் தொகையின் நிலை ஆகிய மூன்றையும் ஒரே எழுத்தளவில் காட்டுங்கள். தேதிகளை நாள் மாதம் ஆண்டாக எழுதுங்கள். '14 நாள்' என்று மட்டும் போட்டுக் கணக்கிடும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டாதீர்கள். கெடுவுக்கு 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும் நினைவூட்டல் அனுப்புங்கள். விளம்பரத்துக்காகத் தினம் ஒரு மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு கையில் இருக்கும்போது இது செலவே இல்லாத காரியம். ஒருமுறைகூடப் பயன்படுத்தாத டிக்கெட்டின் தொகையைக் குறைந்தது 5 ஆண்டு வரவில் வையுங்கள். பகுதி பயன்படுத்திய பலநாள் டிக்கெட்டுக்கும் ஒரு நேர்மையான வழி உண்டு: நான்கு நாள் டிக்கெட் 280, ஒரு நாள் டிக்கெட் 100 என்றால், ஒரு நாள் வந்தவருக்கு 100-ஐக் கழித்து 180-ஐ வரவு வையுங்கள். நான்கில் மூன்று பங்கு என்று 210 கேட்பது நியாயமாகாது. பலநாள் தள்ளுபடியை அவர் முழுதாகப் பயன்படுத்தவில்லை. அதற்காக 180-ஐயும் சேர்த்து எடுத்துக்கொள்வது எந்த வகையிலும் பொருந்தாது.

கணினி அமைப்பு இடம் தராது என்ற பதிலை ஏற்க முடியாது. 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடப்பட்டபோது பல இடங்களில் டிக்கெட்டுகளின் கெடு மொத்தமாக நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2020-ஆம் ஆண்டுப் பாஸ்களை 2021-க்கு நீட்டித்தது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்து 2021 ஏப்ரல் 30-இல்தான் திறந்தது. பூங்கா பூட்டியிருந்ததால் தேதியை நகர்த்த முடிந்தது என்றால், வர வேண்டியவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதற்காகவும் நகர்த்த முடியும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பக்கத்தில் தீம் பார்க் பற்றி எழுதும்போது நுழைவுக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே டிக்கெட்டின் கெடு, தேதி மாற்ற விதி, காலாவதிக்குப் பின் தொகையின் மதிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். சலுகை விளம்பரம் தரும் நிறுவனங்களிடமும் இந்த மூன்று வரிகளைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்